பழகுதலும் பழக்குதலும்: வேட்டை நாய்க்கு 'எடுத்து வா' கற்பித்த வரலாறு

1795ஆம் ஆண்டில் மதுரையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரிக்குச் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களோடு நட்பு வாய்த்தது. 1830இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில் அவர் அவ்விருவரையும் வியந்து எழுதியிருக்கிறார். அவர் காட்டும் பெரிய மருது ஆட்சிக் காரியங்களில் தலையிடாமல் வேட்டையிலும் துப்பாக்கியிலுமே பொழுதைக் கழித்தவர். ஆற்காட்டு வெள்ளி ரூபாயை விரல்களாலேயே வளைத்துவிடும் வலிமை படைத்தவர். சின்ன மருது வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர். ஆறே ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. தமக்கு வளரி கற்பித்த அதே மனிதரைக் காட்டு விலங்கைத் துரத்துவது போலத் துரத்த நேர்ந்ததை வெல்ஷ் வருத்தத்தோடு பதிவு செய்கிறார். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

அந்த வரலாற்றின் அரசியலை விரிப்பது இங்கு நம் நோக்கமன்று. வெல்ஷுக்கு வளரி வசப்பட்டது நட்பின் வழியே என்பது மட்டும் இக்கட்டுரைக்குப் போதும். தமிழ் இதற்கென்றே இரண்டு சொற்களை அருகருகே வைத்திருக்கிறது. 'பழகு' என்றால் நெருங்கி உறவாடுவது. 'பழக்கு' என்றால் அவ்வாறு உறவாடச் செய்து ஒன்றைப் பயிற்றுவிப்பது. மாட்டைப் பழக்குகிறோம், நாயைப் பழக்குகிறோம் என்று சொல்லும்போதெல்லாம், பழகாமல் பழக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ஆங்கில வேட்டைக்காரர்களோ நெடுங்காலம் இதே வேலையை 'உடைத்தல்' என்னும் பொருள்படும் சொல்லால் குறித்து வந்தார்கள். நாயின் விருப்பத்தை உடைத்துத் தம் விருப்பத்தை அங்கே வைப்பது என்பது அதன் கருத்து.

எனினும் தமிழன் அன்பால் பழக்கினான், வெள்ளையன் அடித்துப் பழக்கினான் என்று எளிதாகக் கோடு கிழித்துவிட முடியாது. 'அடியாத மாடு படியாது' என்பதும் நம் பழமொழிதான். அங்கே 'படிதல்' என்பது பணிதல். பள்ளியில் 'படித்தல்' என்கிற சொல்லும் அதே ஒலியோடு நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் நம் வாத்தியார்கள் பலர் அதைத் தற்செயலாகக் கொள்ளவில்லை. இந்த இரு போக்குகளும் எங்கே பிறந்தன, எப்படி மோதின என்பதை ஒரு சிறிய செயலைக் கொண்டு பார்க்க விரும்புகிறோம். எறிந்ததையோ சுட்டு வீழ்த்தியதையோ நாய் வாயில் கவ்வி வந்து மனிதன் கையில் கொடுப்பதே அச்செயல்.

துரத்தும் நாயும் கொண்டு வரும் நாயும்

தமிழர் வாழ்வில் வேட்டை நாய் மிகப் பழையது. ஞமலி, ஞாளி என்று சங்கப் பாடல்கள் அதைக் குறிக்கின்றன. நாய்க்குட்டியைக் 'குருளை' என்று சொல்ல வேண்டும் எனத் தொல்காப்பிய மரபியல் இலக்கணமே வகுத்திருக்கிறது. பெரிய புராணத்தில் திண்ணனார் முதல் வேட்டைக்குப் புறப்படும்போது நாய்களும் உடன் செல்கின்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அது தொறுப் பூசலில் இறந்த வீரனோடு சேர்த்து, கள்வரைக் கடித்துக் காத்து நின்ற 'கோவிவன்' என்னும் நாயின் பெயரையும் கல்லில் பொறித்து வைத்திருக்கிறது. அரசர் பெயர்கள் பல மறைந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் பதினான்கு நூற்றாண்டுகளாக நிற்கிறது.

ஆனால் இந்த நாய்கள் எவையும் 'எடுத்து வரும்' நாய்கள் அல்ல. துரத்துவது, மறிப்பது, பிடிப்பது, காத்து நிற்பது ஆகியவையே அவற்றின் தொழில். சிவகங்கைக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள கரிசல் பூமியில் உருவான சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு கால்வேகத்தால் வெல்பவை. முயலைப் பிடித்த இடத்தில் நாய் நிற்கும். ஆள்தான் ஓடிப்போய் வாங்க வேண்டும். இராஜபாளையமும் கோம்பையும் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றவை. மாசி சிவராத்திரியை ஒட்டிச் சிவகங்கை, மதுரை வட்டாரங்களில் ஊரே திரண்டு செல்லும் 'பாரி வேட்டை'யிலும் நாயின் பங்கு இரையைக் கிளப்புவதும் துரத்துவதுமே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அவ்வேட்டை குற்றமாகிவிட்டது. அதன் சடங்குப் பகுதி பல ஊர்களில் எஞ்சியிருக்கிறது.

கிராமத்தில் நாயோடு பேசும் சொற்களைக் கவனித்தால் இது விளங்கும். அழைக்க ஒரு ஒலி, ஏவி விட 'சூ' என்னும் ஒலி, விரட்ட ஒரு ஒலி உண்டு. 'பிடி' உண்டு, 'விடு' உண்டு. 'கொண்டு வந்து கையில் கொடு' என்பதற்குத் தனிச் சொல் இல்லை. அப்படியொரு வேலை தேவைப்படவில்லை என்பதே காரணம்.

அந்த வேலையை உண்டாக்கியது துப்பாக்கி. பறக்கும் பறவையைத் தொலைவில் சுட்டால் அது நாணலுக்குள்ளோ நீருக்குள்ளோ விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பின்புறமாகத் தோட்டா நிரப்பும் துப்பாக்கி பரவியபோது ஒரே பொழுதில் விழும் பறவைகளின் எண்ணிக்கை பெருகியது. அவற்றைத் தேடி எடுப்பதற்கென்றே நாய்கள் வேண்டியிருந்தன. ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு 1868 முதல் வளர்த்தெடுத்த கோல்டன் ரெட்ரீவரும், 1903இல் ஆங்கிலேய நாய் வளர்ப்போர் கழகம் அங்கீகரித்த லாப்ரடாரும் அந்தத் தேவையின் பிள்ளைகள். பறவையைப் பல் படாமல் கவ்வும் 'மென்வாய்' அவற்றில் தேர்ந்து வளர்க்கப்பட்ட குணம். இந்த நாய்கள் காலனிய அதிகாரிகளோடு இந்தியாவிற்கும் வந்தன. கூடவே அவற்றைப் பழக்கும் நூல்களும் வந்தன.

காதைத் திருகிய கையும் ஈரல் துண்டும்

அந்நூல்களில் புகழ்பெற்றது 1848இல் டபிள்யூ. என். ஹட்சின்சன் என்னும் பிரிட்டிஷ் படை அதிகாரி எழுதியது. 'உடைத்தல்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே கொண்டிருந்தாலும், நாய்க்குப் புரியும்படி தெளிவான சைகைகளைக் கையாளவும், சரியாகச் செய்தவுடன் வெகுமதி தரவும் அது அறிவுறுத்தியது. 1882இல் அமெரிக்காவில் எஸ். டி. ஹாமண்ட் ஒரு படி மேலே சென்றார். பயிற்றுவித்தல் வேறு, உடைத்தல் வேறு என்ற எதிர்நிலையைத் தம் நூலின் தலைப்பிலேயே வைத்து, சாட்டைக்குப் பதில் இறைச்சித் துண்டைப் பரிந்துரைத்தார். வெகுமதி முறை இருபதாம் நூற்றாண்டின் நகர்ப்புறச் செல்லப்பிராணி மோகத்தில் பிறந்தது என்று எண்ணுவோருக்கு இந்த ஆண்டு நினைவில் இருப்பது நல்லது.

அதே காலத்தில்தான் எதிர்முறையும் ஒழுங்கு பெற்றது. 1895இல் எட். ஹாபர்லைன் வெளியிட்ட கையேடு, சாட்டையில்லாத கட்டாய முறை என்று தன்னை அறிவித்துக்கொண்டது. சாட்டை இல்லைதான், ஆனால் உட்புறம் முட்கள் பதித்த கழுத்துப்பட்டை இருந்தது. ஜெர்மனியில் காவல் நாய்களைப் பயிற்றுவித்த கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய நூல், கட்டாயத்தைக் கோட்பாட்டோடு கூடிய முறையாக்கி, படைகளுக்கும் காவல் துறைகளுக்கும் வழிகாட்டியாயிற்று. அதன் ஆங்கிலப் பெயர்ப்பு 1954இல் வந்தது.

கட்டாய முறை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அதை எதிர்ப்பது எளிது, ஆனால் நேர்மையன்று. நாயை ஒரு மேசைமேல் நிறுத்திக் கழுத்தைக் கட்டுகிறார்கள். காது மடலைப் பட்டையோடு சேர்த்து நகத்தால் அழுத்துகிறார்கள். அல்லது முன்னங்கால் விரல்களில் கயிற்றைச் சுற்றி இழுக்கிறார்கள். வலியால் நாய் வாயைத் திறக்கும் கணத்தில் மரக்கட்டையை வாயில் வைக்கிறார்கள். கட்டை வாய்க்குள் சென்றதும் வலி நிற்கிறது. பலநாள் இது தொடர்ந்தால், காதில் விரல் பட்டதுமே நாய் தானாகப் பாய்ந்து கட்டையைக் கவ்வும். பிறகு கட்டை சற்றுத் தள்ளி வைக்கப்படும்; பிறகு தரையில்; கடைசியில் கட்டையின் இடத்தில் பறவை வரும். நாய் இங்கே கற்றுக்கொள்வது 'கவ்வினால் நன்மை' என்பதையன்று. 'கவ்வாவிட்டால் வலி' என்பதை.

வெகுமதி முறை இதே செயலைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொள்கிறது. கட்டையைப் பார்த்தால் ஒரு சிறு ஈரல் துண்டு. மூக்கால் தொட்டால் ஒரு துண்டு. வாயில் எடுத்தால், ஒரு நொடி வைத்திருந்தால், ஓரடி நடந்து வந்தால் என ஒவ்வொரு படிக்கும் ஒன்று. தேர்ந்தவர்கள் கடைசிப் படியையே முதலில் கற்பிப்பார்கள். கையில் கொடுப்பது நாய்க்கு முதலிலேயே பழகிவிட்டால், எவ்வளவு தொலைவிலிருந்து புறப்பட்டாலும் அது தெரிந்த இடத்தை நோக்கியே வருகிறது. கொடுத்த பொருள் சில வேளைகளில் மீண்டும் தன்னிடமே எறியப்படும் என்று அறிந்த நாய், கொடுப்பதை இழப்பாகக் கருதுவதில்லை. வாயில் இருப்பதைப் பிடுங்க நாயைத் துரத்துகிறவர், எடுத்துக்கொண்டு ஓடவே அதற்குக் கற்றுக்கொடுக்கிறார்.

இந்த முறைக்குப் பின்னாலுள்ள கொள்கை ஆய்வுக்கூடத்தில் தெளிவுபெற்றது. நிறைவு தரும் விளைவு செயலை வலுப்படுத்தும் என்பதை எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் பூனைகளைக் கொண்டு காட்டினார். பி. எஃப். ஸ்கின்னர் 1951 டிசம்பரில் விலங்குகளுக்குக் கற்பிப்பது குறித்து ஒரு பொது அறிவியல் இதழில் எழுதினார். செயல் நிகழ்ந்த அதே கணத்தில் ஒரு சிறு ஒலியைத் தந்து அதனோடு உணவை இணைப்பது பற்றி அதில் விளக்கினார். இன்று 'கிளிக்கர்' என்று கடைகளில் விற்கும் சிறு கருவியின் தோற்றுவாய் அது.

ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அம்முறையைப் பரப்பியவை நாய்கள் அல்ல, டால்பின்கள் என்பதே இவ்வரலாற்றின் விந்தை. 1960களில் ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பயிற்றுவித்த கேரன் ப்ரையர் 1984இல் எழுதிய நூல்தான் நாய் வளர்ப்போரிடையே இம்முறையைக் கொண்டு சேர்த்தது. டால்பினுக்குக் கழுத்துப்பட்டை போட முடியாது; காதைத் திருக முடியாது; கோபித்தால் அது நீந்திப் போய்விடும். வன்முறைக்கு வழியில்லாத இடத்தில்தான் மனிதன் அன்பின் நுட்பங்களைக் கண்டுபிடித்தான். வழியிருந்த இடத்தில் அவனுக்கு அவசரம் இருக்கவில்லை.

எதிர்த்தரப்பின் கேள்விகள்

கட்டாய முறையினரின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. விளையாட்டாகக் கொண்டு வரும் நாய் விருப்பமில்லாத நாளில் கொண்டு வராது. அன்று நாணலுக்குள் காயத்தோடு கிடக்கும் பறவை அணு அணுவாகச் சாகும். சில நாள் நாய் படும் வலி, பல பறவைகளின் நெடிய வேதனையைத் தடுக்கிறது என்பது அவர்கள் கணக்கு. கைதேர்ந்தவரின் கையில் நாய் திகைப்பதில்லை, வலியை நிறுத்தும் வழி தன்னிடமே இருக்கிறது என்று அறிகிறது என்றும் கூறுவர்.

இரண்டாவது கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. அதுவே அதன் அபாயமும். 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களைக் கொண்டு நடத்திய சோதனை இதை நிறுவியது. மின்னதிர்ச்சியை நிறுத்தும் வழியே இல்லாமல் அதற்கு ஆளான நாய்களுள் பெரும்பாலானவை, பின்னர்த் தப்பிக்க வழி தரப்பட்டபோதும் முயலாமல் படுத்துவிட்டன. வலியை நிறுத்தும் கணம் சற்றே பிசகினால் நாய் கற்பது கீழ்ப்படிதலை அன்று, கையறுநிலையை. ஈரல் துண்டைத் தருவதில் பிசகும் பயிற்றுநரிடம் நாய் சற்றுத் தாமதமாகக் கற்கும், அவ்வளவே. இரு முறைகளின் பிழைகளுக்கும் விலை ஒன்றன்று.

முதல் கூற்றுக்கு அண்மைக்கால ஆய்வுகள் விடை தேடியிருக்கின்றன. 2020இல் போர்ச்சுக்கல்லில் 92 நாய்களைக் கொண்டு நடந்த ஆய்வு, தண்டனை மிகுந்த பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது அதிக அழுத்தக் குறிகளைக் காட்டியதாகவும், உமிழ்நீரில் கார்ட்டிசால் அளவு கூடியிருந்ததாகவும் கண்டது. அதே ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 63 நாய்களைக் கொண்டு செய்த ஆய்வு அழைத்தால் வருதல் முதலான கட்டளைகளைப் பற்றியது. மின்பட்டையால் கூடுதல் பயன் எதுவும் இல்லை என்பது அதன் முடிவு. வேல்ஸ் 2010லேயே அத்தகைய பட்டைகளைத் தடைசெய்துவிட்டது.

எனினும் வெகுமதி முறைக்கும் எல்லை உண்டு. ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதியர் 1961இல் அதை வெளிப்படையாக எழுதினார்கள். மரக்காசுகளை எடுத்துச் சென்று உண்டியலில் போட அவர்கள் பழக்கிய பன்றி, நாளடைவில் காசை வழியில் போட்டு மூக்கால் கிளறத் தொடங்கியது. ரக்கூன் காசுகளை உண்டியலில் விடாமல் கைகளில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தது. இவ்விரண்டும் 'எடுத்து வருதல்' என்னும் செயலின் தோல்விகளே. உணவு எவ்வளவு தந்தாலும் உயிரின் இயல்பு குறுக்கே வரும்.

நம் நாட்டு நாய்களைப் பற்றிய ஒரு பழிக்கு இதில் விடை இருக்கிறது. சிப்பிப்பாறைக்கும் இராஜபாளையத்துக்கும் 'பயிற்சி ஏறாது' என்ற சொல் நெடுங்காலம் வழங்கியது. காவல் துறைகளும் படைகளும் அல்சேஷனையும் லாப்ரடாரையுமே நாடின. துரத்தப் பிறந்த நாயிடம் எடுத்து வரும் நாயின் தேர்வை வைத்துத் தோல்வி என்று முத்திரை குத்தியது அது. கல்வெட்டு, திரைப்பட ஆய்வுகளோடு இயற்கை பற்றியும் எழுதி வரும் சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி 2017இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியது இந்தப் புறக்கணிப்பின் பின்னணியில் முக்கியமானது. 2005 ஜனவரியில் இராஜபாளையம் அஞ்சல் தலையில் ஏறியது. 2016இல் கர்நாடகத்தின் முதோள் நாய்கள் மீரட்டிலுள்ள இராணுவப் பயிற்சி மையத்திற்குச் சென்றன. இனத்துக்கேற்ற வேலையும் வேலைக்கேற்ற பொறுமையும் இருந்தால் பயிற்சி ஏறும்.

எறிந்த வேலும் குழையும் வாலும்

இனி நம் மனத்தை உறுத்தும் இடத்துக்கு வருவோம். கட்டாய முறை வெற்றி பெற்றது உண்மை. அவ்வாறு பழகிய நாய்கள் பல ஆண்டுகள் பிழையின்றி வேலை செய்தன. எசமானரைக் கண்டதும் வாலாட்டின. அந்த வாலாட்டலே முறைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. அதைச் சான்றாகக் கொள்ளலாமா?

நாலடியாரில், நட்புக்குரியவரைத் தேர்ந்துகொள்வது பற்றிய ஒரு வெண்பா யானையையும் நாயையும் ஒப்பிடுகிறது. நெடுநாள் அறிந்த பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ தன்மேல் எறியப்பட்ட வேல் உடம்பிலேயே நிற்க, எறிந்தவனைக் கண்டு வால் குழைக்கும். ஆகவே நாய் போன்றவரின் நட்பைக் கொள்ள வேண்டும் என்பது புலவரின் முடிவு. உரையாசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் இதை நாயின் நன்றிக்கு இலக்கணமாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். நாம் இன்று அதை மறுபக்கத்திலிருந்தும் வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. வேல் உடம்பில் நிற்கும்போதும் வாலாட்டுகிற உயிரின் வாலாட்டல், வேல் எறிந்தது சரி என்பதற்கு எப்படிச் சான்றாகும்? அது நாயைப் பற்றிச் சொல்கிறது. எறிந்தவனைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை.

யானை கணக்கு வைத்துக்கொள்கிறது. டால்பின் விலகிப் போகிறது. நாய் மன்னிக்கிறது. ஆகவேதான் நாய்க்கு நியாயம் கடைசியாக வந்தது. 'நாயை அடிப்பானேன், பீயைச் சுமப்பானேன்' என்ற பழமொழிகூட அடித்தவனுக்கு நேரும் சங்கடத்தைத்தான் பேசுகிறது, அடிபட்டதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராகக் கொண்டு வந்த தனிநபர் மசோதாவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. அதன் 11ஆம் பிரிவு விலங்கை அடிப்பதையும் தேவையற்ற வலிக்கு ஆளாக்குவதையும் குற்றம் என்கிறது. பழமொழி பேசாததைச் சட்டம் பேசிற்று.

அடித்த கையை மன்னித்துவிடும் இன்னோர் உயிரும் உண்டு; அது குழந்தை. திண்ணைப் பள்ளிக்கூடத் தண்டனைகளைப் பற்றி உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். அப்பள்ளிகளில் அடிபட்டுப் படித்தவர்கள் பிற்காலத்தில் 'அந்த அடிதான் என்னை ஆளாக்கியது' என்று நெகிழ்ந்து சொல்வதையும் நாம் கேட்டிருக்கிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் அடியைத் தடைசெய்தது; ஆனால் அந்த நெகிழ்ச்சியை எந்தச் சட்டமும் தடைசெய்துவிட முடியாது. அதுவும் ஒரு வால் குழைத்தலே.

சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கு அருகே, வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயமாக இருக்கின்றன. மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரையும் சாம்பல் நாரையும் அங்கே வந்து கூடு கட்டுகின்றன. துப்பாக்கிக்காரர்களின் கண்ணுக்கு எடுத்து வரும் நாய்க்கென்றே அமைந்த நீர்நிலை அது. அவ்வூர் மக்களோ பறவைகள் மிரளும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் வந்து இனிப்பு வழங்கிப் பாராட்டுவதைச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். வெகுமதி முறையினர் மகிழத்தக்க காட்சிதான். ஆனால் இனிப்புக்காக அவர்கள் தொடங்கவில்லை. தண்டனைக்கு அஞ்சியும் தொடங்கவில்லை. ஆண்டுதோறும் அதே மரங்களுக்கு வந்த பறவைகளோடு அவர்கள் பழகிவிட்டார்கள்.